பிடித்ததை விடாமல் எடையைக் குறைக்க முடியுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: எடை 82 கிலோ, 70க்கு வர ஆசை. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சாக்லேட், ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவல் மூன்றும் உயிர். இவற்றை அறவே விட்டு டயட் இருந்தபோதெல்லாம் எடை இறங்கியது, பிறகு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்துவிட்டது. விடாமலே குறைக்க வழி உண்டா?

உண்டு. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே குறைக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்படிக் குறைத்த எடைதான் நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வேறு சிலவற்றை விட்டாக வேண்டும். அவை உங்களுக்கு அப்படியொன்றும் பிடித்தவை அல்ல. கடனே என்று, கை பழகிய பழக்கத்தில், தினமும் உள்ளே போய்க்கொண்டிருப்பவை. அவை எவை என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அதற்கு முன், அறவே விடுவது ஏன் ஒத்துவரவில்லை என்று பார்த்துவிடலாம். தனக்கு மனஉறுதி போதவில்லை என்றுதான் எல்லோரும் தன்னையே நொந்துகொள்கிறார்கள். அது நியாயமில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். 24 வாரம், நாளுக்கு 1570 கலோரி அளவில் உணவு. கூடவே நிறைய நடை. எடை கால்பங்கு குறைந்தது. கவனிக்க வேண்டியது அவர்கள் மனதுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான். உணவில் பெரிய நாட்டமே இல்லாதிருந்தவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே இருந்தது. ஆய்வு முடிந்து இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்றானதும், பலருக்கு வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை. அது கடும் பட்டினி. நீங்கள் இருந்த டயட்டோடு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் இன்று கைக்குக் கை மாறும் பல டயட் அட்டவணைகள் 1200 கலோரி என்று அந்த இளைஞர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே எழுதியிருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு ஆய்வு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் மாணவிகளிடம் ஐஸ்கிரீமை ருசி பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சிலருக்கு மட்டும் அதற்கு முன்பே மில்க்‌ஷேக் கொடுக்கப்பட்டது. சாதாரணமாகச் சாப்பிடும் பெண்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டிக்கொண்டு வாழ்பவர்களோ, மில்க்‌ஷேக் குடித்திருந்தால் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். “விரதம்தான் கலைந்துவிட்டதே, இனி என்ன” என்கிற மனநிலை அது. உங்கள் பழைய டயட்டுகள் உடைந்த நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு துண்டு கேக்கால் அவை உடைந்திருக்காது. அந்தத் துண்டுக்குப் பிறகு, “நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று சாப்பிட்டதால்தான் உடைந்திருக்கும். கேக்கைத் தடை செய்யாமல் இருந்திருந்தால் கலைவதற்கு விரதமே இருந்திருக்காது.

பிடித்ததைச் சாப்பிட்டால் உடம்பு இளைக்காது என்பதற்கு உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை. 2010இல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் பேராசிரியராக இருந்த மார்க் ஹாப், மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பத்து வாரம் பெரும்பாலும் க்ரீம் கேக், பிஸ்கட், சிப்ஸ் என்றே சாப்பிட்டார். நாளுக்கு 1800 கலோரியைத் தாண்டவில்லை. ஏறத்தாழ 12 கிலோ குறைந்தார். இதைச் செய்து பாருங்கள் என்று அவரே யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். நாரும் புரதமும் இல்லாமல் அப்படிச் சாப்பிட்டால் பசி பிடுங்கித் தின்னும், தசையும் கரையும். ஆனால் எடையைத் தீர்மானிப்பது மொத்தக் கலோரிதான் என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது. 2005இல் நான்கு பிரபல டயட் முறைகளை 160 பேரிடம் ஓர் ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலும் இதேதான்: எந்த முறை என்பதைப் பொறுத்து எடை குறையவில்லை; எவ்வளவு தூரம் அதை விடாமல் பின்பற்றினார்கள் என்பதைப் பொறுத்தே குறைந்தது. நாக்கு செத்துப்போகும் சாப்பாட்டை யாரால் ஆயுள் முழுக்கப் பின்பற்ற முடியும்?

இனி கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. உங்கள் எடைக்கும் வேலைக்கும் நாளுக்கு 2200 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 1800 சாப்பிட்டால் நாளுக்கு 400 துண்டு விழும், மாதத்துக்கு 12,000, அதாவது ஒன்றரைக் கிலோ. அந்தக் கணக்குப்படி 12 கிலோ இறங்க எட்டு மாதம். நிஜத்தில் கூடுதலாகத்தான் ஆகும், ஏனென்றால் உடம்பு இளைக்க இளைக்க அதன் அன்றாடச் செலவும் குறையும். பத்து மாதம் முதல் ஓர் ஆண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தோன்றலாம். ஆனால் முதல் 4 கிலோ, அதாவது உடல் எடையில் 5 சதவீதம் குறைந்த நிலையிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பலருக்கு மேம்படும். பலன் கிடைக்கக் கடைசிக் கிலோ வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த 400 கலோரியை எங்கே எடுப்பது என்பதுதான் கேள்வி. எல்லோரும் நேராகச் சாக்லேட்டில் கைவைக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் தொடச் சொல்வேன், அல்லது தொடவே வேண்டாம் என்பேன்.

ஒரு வாரம் மட்டும் வாயில் போவது அத்தனையையும் எழுதுங்கள். உணவைக் குறைக்க வேண்டாம், மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் பாதி விட்டுப்போகும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், 1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களைத் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நின்றபடி வாயில் போட்டதையும், ருசி பார்த்ததையும், இன்னொருவர் தட்டிலிருந்து எடுத்ததையும் மனம் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள்: இதைச் சாப்பிட்டது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது? பசித்ததா இல்லையா என்பதையும் ஓர் எழுத்தில் குறித்துவையுங்கள். இந்த மதிப்பெண்தான் முக்கியம், கலோரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் பட்டியலில் வழக்கமாக என்ன வருகிறது என்று சொல்கிறேன். நாளுக்கு ஐந்து கப் டீ, கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை: 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. முதல் கப்புக்கு 5 மதிப்பெண் விழும். மதியத்துக்கு மேல் குடிக்கும் நான்காவதும் ஐந்தாவதும் 2 வாங்கினாலே அதிகம். டீயோடு யாரோ நீட்டிய பிஸ்கட் நாலைந்து: ஏறக்குறைய 180. கணினியைப் பார்த்தபடி கொறித்த ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம்: 170. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று எடுத்துப் போட்டுக்கொண்டது: நூறு கலோரியாவது இருக்கும். உடம்புக்கு நல்லது என்று நம்பிக் குடித்த ஒரு டம்ளர் பழச்சாறு: 110. தாளிக்கும்போது அளக்காமல் சாய்த்ததில் கூடுதலாக விழுந்த ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்: 120. கூட்டிப் பாருங்கள், 840 வருகிறது. இதில் பாதியைக் குறைத்தாலே நமக்குத் தேவையான 400 கிடைத்துவிடுகிறது. சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் வறுவலும் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

டீ சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 1800 கலோரிக்கு அது 45 கிராம். டீயிலேயே 40 போய்விட்டால் சாக்லேட்டுக்கு இடம் ஏது? கப்புக்கு அரை ஸ்பூன் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு அதற்குப் பழகிவிடும்; ஒரு கட்டத்தில் பழைய இனிப்பே திகட்டும்.

குடிக்கும் சர்க்கரைக்கு இன்னொரு குறையும் உண்டு. 2000இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 பேருக்கு நான்கு வாரம் நாளுக்கு 450 கலோரியை ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே 450ஐ இனிப்புக் குளிர்பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாயாக மென்று தின்றபோது, மற்ற உணவைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். குளிர்பானமாகக் குடித்தபோது எதையும் குறைக்கவில்லை, எடை ஏறியது. குடித்ததை உடம்பு சாப்பாடாக எண்ணிக்கொள்வதில்லை. ஆகவே சர்க்கரைக்கு ஒதுக்கிய இடத்தைக் குளிர்பானத்துக்கும் பழச்சாறுக்கும் கொடுக்காதீர்கள். மென்று தின்னும் பிடித்த பண்டத்துக்கே கொடுங்கள்.

இப்போது அந்த மூன்று உயிர்களுக்கு வருவோம். தினமும் 20 கிராம் சாக்லேட் என்றால் 110 கலோரி, வாரத்துக்கு 770. வாரம் இரண்டு தடவை 100 கிராம் ஐஸ்கிரீம், 400. ஒரு தடவை 120 கிராம் உருளைக்கிழங்கு வறுவல், சுமார் 370. மொத்தம் 1540, நாளுக்கு 220. உங்கள் 1800இல் எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கு ஒழுங்காக இருந்தால் இந்த ஒரு பங்கு எந்தக் கெடுதலும் செய்யாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லோரும் சொல்வார்கள். அளவு எது என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் கிராமில் எழுதினேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி முதல் மாதம் மட்டும் நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் எந்த மட்டத்துக்கு வரும் என்று கண் பழகிவிட்டால் பிறகு தராசு தேவைப்படாது. டப்பாவிலிருந்தோ பாக்கெட்டிலிருந்தோ நேராகச் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கிண்ணத்தில் எடுத்து, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, வந்து உட்காருங்கள்.

பிறகு ஆற அமரச் சாப்பிடுங்கள். ஃபோன் வேண்டாம், டிவி வேண்டாம். ஒரே பண்டத்தைச் சாப்பிடும்போது முதல் சில வாய்களில் கிடைக்கும் ருசி போகப்போக மங்கும். இதைப் பல ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. முதல் துண்டு சாக்லேட்டை நாக்கில் வைத்து, கடிக்காமல் கரைய விட்டுப் பாருங்கள். நான்காவது துண்டில் அந்த ருசி இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். கவனம் வேறெங்கோ இருந்தால் ருசி மங்கியதுகூடத் தெரியாது, கை தானாகப் போய்க்கொண்டே இருக்கும்.

வயிறு காய்ந்திருக்கும்போது பிடித்ததை எடுக்காதீர்கள். சாப்பாடு முடிந்த கையோடு எடுங்கள். பசி அடங்கியபின் 20 கிராம் போதுமானதாக இருக்கும். மாலை ஐந்து மணிப் பசியில் 100 கிராம்கூடப் பற்றாது.

பிடித்ததற்குப் பதிலாகக் ‘கொழுப்புக் குறைந்தது’, ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சிட்ட போலிகளை வாங்குவது பெரும்பாலும் வீண். ருசி நிறையாததால் இரண்டு மடங்கு சாப்பிட்டு, கடைசியில் அசலையும் தேடுவீர்கள். அசலையே சிறிதாகச் சாப்பிடுங்கள்.

உருளைக்கிழங்கின் பெயர் கெட்டுப்போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, எது வயிற்றை அதிகம் நிறைக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், வேகவைத்த உருளைக்கிழங்கு 323 எடுத்து முதலிடத்தில் நின்றது. வெண்ணெய் சேர்த்துச் சுட்ட க்ரோசான் ரொட்டி 47 எடுத்துக் கடைசி. 100 கிராம் வேகவைத்த கிழங்கில் 87 கலோரிதான். எண்ணெயில் பொரித்தால் 300ஐத் தாண்டும். மெல்லிய சிப்ஸாக வறுத்தால் 530. தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் எண்ணெய் ஏறுவதுதான் காரணம். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. ஆகவே வறுவலை வாரம் ஒருநாள் வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் கிழங்கை வேகவைத்துத் தாராளமாகவே சாப்பிடலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. சிலருக்கு ஒன்றிரண்டு பண்டங்கள் இருக்கும். தொட்டால் பாக்கெட் காலியாகாமல் கை நிற்காது. அவற்றை வீட்டில் வாங்கி வைக்க வேண்டாம். வெளியே போகும்போது ஒருவருக்கு ஆகிற அளவில் வாங்கி, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விட்டுவிடச் சொல்லவில்லை, இருக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறேன். பசியே இல்லாமல், கட்டுப்பாடே போய், வயிறு வலிக்கும் அளவுக்குச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் தவிப்பது அடிக்கடி நடக்கிறதென்றால் அது வேறு பிரச்சினை. அதற்கு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும். கலோரி எண்ணுவது அதை இன்னும் மோசமாக்கும்.

மீதி ஏழு பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும்: முட்டை, மீன், பருப்பு, தயிர், எது ஒத்துவருமோ அது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, எடை குறைக்கும் காலத்தில் நாளுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் நல்ல அளவு. பசியைத் தள்ளிப்போடும், தசையைக் காக்கும். தட்டில் பாதி காய்கறி. மாவுப்பொருளை நிறுத்த வேண்டாம், இரண்டாம் முறை போட்டுக்கொள்வதை நிறுத்தினால் போதும்.

நடை அவசியம், ஆனால் அதிலேயே எடை இறங்கிவிடும் என்று நம்பாதீர்கள். உங்கள் எடையில் 5 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட் அதைப் போல இரண்டு மடங்கு. இதயத்துக்காக, தூக்கத்துக்காக, இறங்கிய எடை திரும்பி ஏறாமல் இருப்பதற்காக நடங்கள். தூக்கத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2022இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த 80 பேரில் ஒரு பிரிவினரைத் தினமும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். உணவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தூக்கத்தைக் கூட்டாத பிரிவோடு ஒப்பிட்டால், அவர்கள் நாளுக்கு 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

எடை பார்க்கும் கருவி உங்களைப் பயமுறுத்தும் ஒரு நாள் கட்டாயம் வரும். விருந்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். பயப்படாதீர்கள். ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் செலவுக்கு மேல் 11,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரே விருந்தில் யாராலும் முடியாது. மாவுச்சத்து உடலில் கிளைகோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் நீரைத் தேக்கும். இரண்டு மூன்று நாளில் அது வடிந்துவிடும். அந்த நாளில் செய்யக் கூடாத ஒரே காரியம், ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடப்பது. மதியம் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். அன்றைய 20 கிராம் சாக்லேட்டையும் சேர்த்து. மாதவிடாய்க்கு முந்திய நாள்களிலும் இதே நீர் ஏற்றம் இருக்கும். தினசரி எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். நான்கு வாரம் தொடர்ந்து சராசரி அசையவில்லை என்றால் மீண்டும் ஒரு வாரம் எழுதுங்கள்; பெரும்பாலும் எண்ணெயிலோ கொறிப்பதிலோ அளவு கூடியிருக்கும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இதில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். உணவு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். இல்லையென்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

70க்கு வந்தபிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எடை வட்டியோடு திரும்பியது அந்த இடத்தில்தான். 82 கிலோவில் செலவான 2200 கலோரி 70 கிலோவில் செலவாகாது. சுமார் 2000தான் ஆகும். எனவே பழைய அளவுக்குத் திரும்ப முடியாது, ஆனால் 1800லிருந்து 2000க்கு மெல்ல ஏறலாம். அந்த 200ஐ எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும்போது உங்கள் மதிப்பெண் நோட்டை எடுத்துப் பாருங்கள். 5 வாங்கியவற்றுக்குக் கொடுங்கள். வாரச் சராசரியைத் தொடர்ந்து பாருங்கள். சராசரி 72ஐத் தொட்டால் நோட்டை மறுபடி எழுதத் தொடங்குங்கள், 82 வரை காத்திருக்க வேண்டாம்.